ஜென்சியின் பெட்ரோல் டேங்கும் எங்கள் மொட்டை மாடியும்

பொழிச்சலூர்,
செவ்வாய்க்கிழமை

கர்த்தருக்குள் பிரியமான மகள் ஜென்சிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் தனியாக ஜெபக்குறிப்பு கேட்கிறது. ஆஸ்திரேலியாவில் நீயும், நீ ஷெட்டில் கட்டிக்கொண்டிருக்கும் விமானமும் சுகமாக இருக்கத் தினமும் ஜெபிக்கிறோம். வாட்ஸ்அப்பில் சொன்னால் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டு ஓடிவிடுவாய், அதனால்தான் பேப்பரில் எழுதி, அப்பா வரைந்த படத்தையும் சேர்த்துக் கூரியரில் அனுப்புகிறேன்.

நீ அனுப்பிய பெட்ரோல் லைன் படத்தைப் பார்த்தோம். ரோட்டரி எஞ்சின் நிறையக் குடிக்கும், அதனால் இறக்கையில் பெரிய டேங்க், எஞ்சின் பக்கத்தில் சின்ன டேங்க், நடுவில் ஒரு பம்ப். சின்னது குறையும்போது நீ சுவிட்ச் போட வேண்டும், நிரம்பியதும் ஞாபகமாக அணைக்க வேண்டும், இவ்வளவுதானே? ஞாபகமாக என்ற இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த வீட்டில் இருந்த இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாளாவது தண்ணீர் மோட்டாரை நீயாக நிறுத்தியிருக்கிறாயா? ரயில்வே ஷெட்டில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்த உன் அப்பா சும்மா இருப்பாரா, சனிக்கிழமை இரண்டு தண்ணீர் கேன், ஏர்கூலர் பம்ப், கொஞ்சம் டியூப் வைத்து உன் படத்தை மாடியில் அப்படியே கட்டிவிட்டார். சுவிட்சுக்கு நான் காவல். உன்னைப் போல நான் மறப்பேனா என்று பெருமையாகத்தான் நின்றேன். அந்த நேரம் பார்த்து ஈவ்லின் சித்தி போன் செய்தாள், பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியை மட்டும் பார்த்துவிட்டுப் போன கதை. கேட்டுக்கொண்டே நிழலுக்கு நகர்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டுப் பொன்னுரங்கம், இன்னாம்மா, ஊரெல்லாம் வெயிலு, எங்க வூட்ல மட்டும் மழை பேயுது என்று கத்துகிறார். சின்ன கேன் வழிந்து, அவர் காயப்போட்ட மிளகாய் முழுக்க நனைந்துவிட்டது. அப்பா திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. இது பெட்ரோலா இருந்தா எங்க போய் ஊத்தியிருக்கும், படத்தைப் பாரு என்றார். பார்த்தேன். சின்ன டேங்க் வழிந்தால் காற்றுக்குழாய் வழியாக விமானத்துக்கு அடியில் ஊற்றுகிறது, புகைக்குழாயும் அங்கேதான். அது செக்கச்செவேல் என்று காயும் என்று நீதானே எழுதியிருந்தாய்.

பிறகு அப்பா, மிஞ்சுவது வந்த இடத்துக்கே போகட்டும் என்று, சின்ன கேனின் மேல்பக்கத்திலிருந்து பெரிய கேனுக்கே ஒரு குழாய் திருப்பிவிட்டார். முதலில் போட்டது ஒல்லிக் குழாய், அப்போதும் வழிந்தது. பம்ப் தள்ளும் குழாயைவிடப் பெரியதாகப் போட்ட பிறகு பம்பை ஓடவிட்டுவிட்டுக் கீழே போய் மீன் குழம்பு வைத்துச் சாப்பிட்டோம், ஒரு சொட்டு சிந்தவில்லை. ஆனால் நம் மாடி சாய்ந்து பறக்காது, எங்களுடையது வெறும் தண்ணீர், அதனால் அப்பா வரைந்த படத்தை உங்கள் ஊர் விமான இன்ஸ்பெக்டரிடம் காட்டிக் கேட்டுச் செய். பறக்காதே என்று சொல்ல மாட்டேன், சொன்னாலும் நீ கேட்க மாட்டாய். உன் மறதியை மாற்ற இத்தனை வருஷம் சத்தம் போட்டேன், அது யாரிடமிருந்து வந்தது என்று சனிக்கிழமைதான் தெரிந்தது. பயமாக இருக்கிறது ஜென்சி. நேரத்துக்குச் சாப்பிடு. அடுத்த மாதம் முதல் தடவை மேலே போகும் முன் அந்தக் குழாயைப் போட்டு போட்டோ அனுப்பு, மறந்துவிடாதே என்று எழுத வந்தேன், என்ன பிரயோஜனம், ஷெட் கதவில் எழுதி ஒட்டிவை. ஆண்டவர் உன்னைப் பத்திரமாக மேலே கொண்டுபோய், அதைவிடப் பத்திரமாகக் கீழே கொண்டு வரட்டும். உனக்கு ஞாபகசக்தி கொடுக்கும்படி அவரிடம் கேட்பதை நிறுத்திவிட்டேன், இப்போது அந்த ஒரு குழாயைத்தான் கேட்கிறேன்.

முத்தங்களுடன் உன் அம்மா,
சரோஜினி தனசிங்