கொடி ஏறிய பிறகு

மஸ்கட்,
ஜூன் 2009

அன்புள்ள தில்லைநாயகிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? பிள்ளைகள் சுகம்தானே? போனில் சொன்னால் என்னைப் பேசவிடமாட்டாய், அதனால் எழுதுகிறேன்.

நேற்று இதய டாக்டரைப் பார்த்தேன். அடைப்புக்கு ஸ்டென்ட் வைக்க நாள் குறிப்பார் என்றுதான் போனேன். "கோயில்ல ஆனித் திருமஞ்சனக் கொடி ஏறிடுச்சி. தரிசனம் முடியறவரைக்கும் ஒடம்புல கை வெக்க வுடாதீங்க. கடல் தாண்டிப் போனாலும் நீங்க செதம்பரத்துக்காரருதான்" என்று நீ போட்ட உத்தரவை அவரிடம் எப்படிச் சொல்வதென்று வழியெல்லாம் தவித்தேன்.

நான் வாய் திறக்குமுன் அவரே, "ஒங்க ஹார்ட்டு வீக்கா இருக்கு. நெஞ்சு வலியும் இல்ல. இப்ப ஸ்டென்ட் வெச்சா நல்லதவிட ஆபத்து ஜாஸ்தி. மொதல்ல மாத்திரையில பலம் வரட்டும், மூணு மாசம் கழிச்சிப் பாக்கலாம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காரணத்தைச் சொன்னேன். அவர் கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரராம். "கொடி ஏறலன்னாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். மாத்திரைக்கு மட்டும் திருவிழா லீவு கெடையாதுன்னு வீட்டுல சொல்லுங்க" என்றார்.

ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். கத்தரிக்காய் கொத்சுக்கு உப்பில்லாமல் பொடி இடித்து அனுப்பு. தேர் நம் தெருவில் திரும்பும்போது போனை ஜன்னலோரம் பிடி. சத்தம் கேட்டால் போதும்.

அறையில் கூட இருக்கும் காத்தவராயன் ஊருக்குக் கிளம்பி வாசலில் நிற்கிறான். இதை அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். கொடியேறும்போது ஊரில் இருப்பவர்கள் திருவிழா முடியாமல் வெளியூர் போகக் கூடாது என்பாயே, மார்கழிக் கொடியேற்றத்துக்கு முதல் நாளே வந்துவிடுகிறேன். அப்புறம் முதலாளி கூப்பிட்டால் நீயே பதில் சொல்.

உன்,
சபேசன்