பாதியில் நிற்கும் படம்

என் பிள்ளைக்கு,

நீ அங்கேயும் நான் இங்கேயும் படம் பார்க்கும் கணக்கின் பாஸ்வேர்டைப் பக்கத்து வீட்டு செபமாலை அண்ணைக்குக் கொடுத்தது நான்தான். வலையில் மீன் கூடப் பட்டால் அயலுக்கும் கொடுப்போமே, அந்த நினைப்புத்தான். "உது களவம்மா. காசு கட்டுறவைதான் பாக்கலாம்" என்று வொய்ஸ் அனுப்பிவிட்டு பாஸ்வேர்டை மாற்றிவிட்டாய். எனக்குத் தனிக் கணக்கு எடுத்துத் தருவாயாம்.

வேண்டாம். குருநகரில் படத்துக்கா பஞ்சம்?

காலையிலிருந்து ரிமோட்டை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். போனில் கோல் எடுத்தால் பாரிசிலிருந்து உன் பதில் இல்லை. ஆனால் இதுவரை டிவியைப் போட்டால், இரவு நீ பாதியில் விட்ட படம் அங்கே நிற்கும். பிள்ளை வேலையால் வந்து, பார்த்தபடியே நித்திரையாகிவிட்டான் என்று நினைத்துக்கொள்வேன்.

தனிக் கணக்கில் நான் நிறுத்திய இடம் மட்டும்தானே நிற்கும்?

உன் அம்மா