கனகவள்ளியின் நீள ஜெபம்

பிப்ரவரி 9, வெள்ளி

இந்த வார வீட்டு ஜெபம் எங்கள் ரூமில். ஒன்பது பேர் வந்தார்கள். கால் நீட்ட இடமில்லை, வாய் நீட்ட மட்டும் இடம் இருந்தது. கனகவள்ளி வரவில்லை. எங்கள் தலைக்கு மேல் ரூம்தான் அவளுக்கு. இரும்பு ஏணியில் இறங்கினால் எங்கள் வாசல். தண்ணீர் பிடித்துவிட்டு வருவாள் என்று காத்திருந்தோம்.

சும்மா இருக்க என்னால் முடியுமா? சேலையை இழுத்து முக்காடு போட்டேன். அவள் நீளமாக ஜெபிக்கிற மாதிரியே கண்ணை இறுக மூடி, முன்னும் பின்னும் ஆடி ஆரம்பித்தேன்.

"ஆண்டவரே, சிலிண்டர் பதினேழு நாளா வரல ஆண்டவரே. வந்தாலும் லீக் ஆவாம வரணும். ரெண்டாம் நம்பர் வீட்டுப் பூனை நொண்டுது, அதையும் பாரும். கீழ ரூம் ஜான்சி அக்காவப் பாரும். தண்ணி மோட்டாரையும் பாரும்…"

அந்த ஜான்சி நான்தான். அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாரீஸ்வரிக்கு விக்கலே வந்துவிட்டது.

அப்புறம் கனகவள்ளி வந்து கதவோரம் உட்கார்ந்தாள். ஆளுக்கு ஒரு ஜெபமாகச் சுற்றி வந்தது. அவள் முறை வந்தபோது "ஆமென்" என்றாள். வேறு ஒரு வார்த்தை இல்லை. அடுத்த ஆள் தொடர்ந்தாள்.

தொண்டை கட்டியிருக்கும்.

பிப்ரவரி 10, சனி

தொண்டை கட்டவில்லை. காலையில் சட்டை மூட்டை வந்தது. கம்பெனியில் தைத்த சட்டைகளில் தொங்கும் தாகாவை, அதாவது நூலை, வெட்டிக் கொடுப்பதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் வேலை. ஆறு வருசமாக என் வாசலில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து நூல் வெட்டுகிறோம். மூட்டை கொண்டுவரும் அப்ரார் பாயிடம், "புதுக் கத்தரி தாரேன்னு எத்தன மூட்டையா சொல்லுதீங்க?" என்று கனகவள்ளி போட்ட சத்தம் லேபர் கேம்ப் வரைக்கும் கேட்டிருக்கும்.

என்னிடமும் நன்றாகத்தான் பேசினாள். அப்போ என்ன?

பிப்ரவரி 16, வெள்ளி

இன்றும் "ஆமென்" மட்டும்.

வீட்டுக்கு வந்ததும் இவர் சொன்னார். "ஏட்டி, போன வாரம் நீ ஆடும்போது அவ ஏணில நின்னுக்கிட்டிருந்தா. நான் பாத்தேன்."

"பாத்துட்டு ஏன் சொல்லல?"

"நீ மூச்சு விட்டாத்தான சொல்ல."

பை தைக்கிற பட்டறையில் நாள் முழுக்க மிசின் சத்தத்தில் இருப்பதாலோ என்னவோ, இசக்கிராஜ் என்கிற என் வீட்டுக்காரர் மாசத்துக்கு நாலு வாக்கியம் பேசுவார். அதில் ஒன்றை இதற்குச் செலவு பண்ணிவிட்டார்.

பிப்ரவரி 18, ஞாயிறு

கனகவள்ளி புருசன் இறந்துபோன வருசம் அவளை நான்தான் ஜெபத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எங்க ஆளு இல்ல, கோயில் கும்பிட்டு வளர்ந்தவ. ஒரு மூலையில உக்காந்திருப்பா, வாயே தெறக்க மாட்டா. ரெண்டு வருசம் அப்படித்தான். அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை மெதுவா, "ஆண்டவரே, ஏணிப்படி பல்பு எரியணும்" என்றாள். அவ்வளவுதான் ஜெபம். மறுநாளே இவர் போய் பல்பை மாத்திவிட்டார். அடுத்த வாரம் அதுக்கு ஸ்தோத்திரம் சொல்லி அழுதா. அதுலேர்ந்துதான் அந்த நீள ஜெபம்.

ரெண்டு வருசம் ஆச்சே அவ வாய் தெறக்க. ரெண்டு நிமிசத்துல மூடிட்டேனே.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், வேறு யார் பார்க்கப் போகிறார்கள்? புது வருசத்து ஆராதனையில் தட்டில் வாக்குத்தத்த அட்டை வைப்பார்கள். கண்ணை மூடி ஒன்று எடுக்கணும், வருசம் முழுக்க அதுதான் நமக்கு ஆண்டவர் கொடுத்த வசனம். எனக்கு வந்தது, வாய்க்குக் காவல் வைக்கச் சொல்லுகிற வசனம்! யாரும் பார்க்கவில்லை என்று திரும்பப் போட்டுவிட்டு, உயர்த்துவேன் என்கிற அட்டையாகப் பார்த்து எடுத்துக்கொண்டேன். பிறந்த மூணாம் மாசமே ஞானஸ்நானம் எடுத்தவள். ஐம்பத்தொரு வயசில் ஆண்டவரிடமே கள்ளாட்டம்.

மார்ச் 1, வெள்ளி

மன்னிப்புக் கேட்டேன். கேட்கத் தெரியாமல் கேட்டேன்.

"மன்னிச்சிருட்டி. ஒன் ஜெபம் நல்லாருக்கப் போய்த்தான காப்பி அடிச்சேன்" என்று சொல்லி நானே சிரித்துவிட்டேன். பழக்கதோசம்.

அவள் சட்டையைத் திருப்பிப் போட்டு நூலை வெட்டினாள். "பரவால்லக்கா. நீங்க பண்ணது அப்படியே என்னை மாதிரிதான் இருந்துச்சு. நான் அப்படித்தான் பண்ணுதேன்னு எனக்கே தெரியாமப் போச்சு."

கோபப்பட்டிருந்தால் நானும் ரெண்டு பேசியிருப்பேன்.

மார்ச் 31, ஈஸ்டர்

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாள் முழுக்க யாரையும் கிண்டல் பண்ணுவதில்லை என்று முடிவெடுத்து, மூணாம் வாரத்திலிருந்து செய்தும் காட்டினேன். இவர் இரண்டு தடவை நெற்றியில் கை வைத்துப் பார்த்தார், காய்ச்சலா என்று. எனக்கே என்னைப் பார்த்துப் பெருமை. ஜான்சி, நீ வளர்ந்துட்டே!

இன்று ஆராதனை முடிந்து வாசலுக்கு வந்து ஐந்து நிமிசம் ஆகவில்லை. பாடகர் குழு சுயம்பு அண்ணன் கிங்ஸ் சர்க்கிள் கடையில் எடுத்த பச்சைச் சட்டையில் வந்தார். "அண்ணே, சிக்னல் விழுந்துட்டா, நாங்க போலாமா?" என்று கேட்டுவிட்டேன்.

எல்லோரும் சிரித்தார்கள். கனகவள்ளி சிரிக்கவில்லை. வளர்ச்சி அவ்வளவுதான்.

ஏப்ரல் 19, வெள்ளி

ஆமென்.

ஜூலை 12, வெள்ளி

மழை. கல்லிச் சந்து முழுக்கத் தண்ணீர், ஜெபத்துக்கு நாலு பேர்தான். என் முறையில் வழக்கம்போல உலக சமாதானம், தேசத் தலைவர்கள், ஊழியர்கள் என்று அழகாக முடித்தேன். சின்ன வயசில் மனப்பாடம் ஆனது, எங்கும் தட்டாமல் வரும்.

முடித்ததும்தான் உறைத்தது. எனக்கு என்ன வேண்டும் என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறேனா?

ஜூலை 15, திங்கள்

குழாயடி வரிசையில் நின்று மனசுக்குள் கேட்டுப் பார்த்தேன். கனகவள்ளி மாதிரி. ஆண்டவரே, கத்தரி மொட்டையாப் போச்சு. இவர் இருமல் நிக்கணும். அப்புறம் — வார்த்தை வரவில்லை. ஐம்பது வருசம் கும்பிட்டும் தட்டுத்தடுமாறுகிறேன். லேசான வேலை இல்லை அவள் செய்தது.

கனகவள்ளி முழங்காலப் பாரும். ஏணி ஏற கஷ்டப்படுதா.

குடம் நிரம்பி வழிந்ததைப் பின்னால் நின்றவள் சொல்லித்தான் பார்த்தேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

கூட்டத்துக்கு விக்ரோலியிலிருந்து மாரீஸ்வரியின் தங்கச்சி வந்திருந்தாள். மாரீஸ்வரி என் தொடையில் தட்டி, "அக்கா, அந்தச் சிலிண்டர் ஜெபத்தப் பண்ணிக் காட்டுங்க, இவ கேட்டதே இல்ல" என்றாள். கனகவள்ளி கதவோரம் இருக்கிறாள்! மாரீஸ்வரிக்கு மறந்தே போய்விட்டது, அது யாருடைய ஜெபம் என்று.

நாக்கு நுனி வரைக்கும் ஒரு கேலி வந்தது. விழுங்கினேன்.

"அத நான் பண்ணிருக்கக் கூடாது. கனகவள்ளி மனசு நொந்துபோச்சு. தப்பு என் பேர்ல" என்றேன். சிரிக்காமல்.

கனகவள்ளி பாயில் பிரிந்திருந்த ஓலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முறைக்கு "ஆமென்" என்றாள்.

வீட்டுக்கு வந்து அழுதேன். சரியாச் சொன்னாலும் சரியாவாதா?

செப்டம்பர் 21, சனி

நூல் வெட்டும்போது கனகவள்ளி தன் கத்தரியை என் பக்கம் தள்ளினாள். அதுதான் கூர்.

நவம்பர் 29, வெள்ளி

ஆமென். இப்போதெல்லாம் நான் காத்திருந்து அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. கண்ணை மூடியே இருக்கிறேன். அவ நேரம் அவளுக்கு.

ஜனவரி 1, புதன்

பாஸ்டரம்மாவிடம் ஒப்புக்கொண்டேன், போன வருசம் அட்டையை மாற்றியதை. திட்டுவார்கள் என்று பார்த்தால் சிரிக்கிறார்கள். "பாதிச் சபை அதத்தான் பண்ணுது ஜான்சி. நான் தட்டத் தூக்கிட்டு நிக்கேன், எனக்குத் தெரியாதா?"

அந்த வாய்க்காவல் அட்டையைக் கேட்டேன். தட்டில் இல்லை. யாருக்குப் போனதென்று தேடினால் — எங்க வீட்டுக்காரருக்கு! மாசத்துக்கு நாலு வாக்கியம் பேசுகிறவருக்கு!

அப்படியே எடுத்து என் கையில் வைத்தார். நூல் டப்பா மூடியில் ஒட்டியிருக்கிறேன்.

ஜனவரி 10, வெள்ளி

ஜெபம் கனகவள்ளி ரூமில். டீ ஊற்றி மூடி வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். சுற்றி வந்தது. மாரீஸ்வரி முடித்தாள். அடுத்து அவள். நான் ஆமெனுக்குக் காத்திருந்தேன்.

"ஆண்டவரே" என்றாள்.

கீழே ஒரு ஸ்கூட்டர் சத்தம் வந்து ஓய்ந்தது.

"சிலிண்டர் நேத்து வந்துட்டு ஆண்டவரே. ஸ்தோத்திரம். பூனை மூணு குட்டி போட்டிருக்கு, அதுகளும் நொண்டாம இருக்கணும். கீழ ரூம் ஜான்சி அக்காவப் பாரும். ரொம்ப நாளா சத்தமே காட்டாம இருக்காங்க, ஒடம்புக்கு என்னமோன்னு பயமா இருக்கு ஆண்டவரே. தண்ணி மோட்டாரையும் பாரும்…"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் நிறுத்தவில்லை. அப்ரார் பாய் மகள் பரீட்சை, பாஸ்டர் சுகர், ஏணியில் மூணாவது படி என்று போய்க்கொண்டே இருந்தாள்.

பூனைக்கு அடுத்து, மோட்டாருக்கு முன்னால். என் இடம் அப்படியே இருந்தது.

டீ பச்சைத் தண்ணீராக ஆறிவிட்டது. யாரும் அதைக் கேலி பண்ணவில்லை, நானும்தான்.