ஏரிக்குப் போன செல்போன் சார்ஜர்

சாப்பாடு ஃபிரிட்ஜில் இருக்கிறது, சுட வைத்துக்கொள்ளுங்கள். குழாய் ரிப்பேர்காரர் வந்தால் மாடிச் சாவி ஆணியில் தொங்குகிறது.

நான் மறுபடியும் ஏரிக்குப் போகிறேன். மதகு அறையில் நீர்மட்டம் பதியும் என் குட்டிக் கம்ப்யூட்டர் செத்துக் கிடக்கிறது. போன தடவை நான் கிளம்புமுன் என் பையிலிருந்த சார்ஜரை நீங்கள் எடுத்துக்கொண்டு, உங்கள் பழைய செல்போன் சார்ஜரைப் போட்டு வைத்தீர்கள். நானும் பார்க்காமல் அதையே மாட்டிவிட்டு வந்தேன். கரண்ட் போதாமல் கம்ப்யூட்டர் அணைந்து அணைந்து எழுந்ததில் மெமரி கார்டு பாழ். பெருமழை பெய்த வாரத்தின் அளவு ஒன்றுகூட இல்லை. ஆபீசில் திட்டு வாங்கியது நான்.

“எல்லாம் சார்ஜர்தானே, இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே” என்றீர்கள். அதோடு பேச்சு நின்றது.

கம்ப்யூட்டர் பாதியில் உறைந்துபோனால் தட்டி எழுப்ப அதற்குள்ளேயே ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறேன். இந்த வீட்டில் அந்த ஏற்பாடு நான்தான். ஒவ்வொரு சண்டைக்கும் பிறகு “காபி வேணுமா” என்று முதலில் கேட்பது நான்தான். இந்தத் தடவை கேட்க மாட்டேன்.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: நம் கட்டிலில் உங்கள் பக்கத்திலிருந்து என் சார்ஜரைப் பிடுங்கிக்கொண்டேன். உங்களுடையது ஏரியிலேயே கிடக்கிறது. சாயங்காலத்துக்குள் உங்கள் போன் செத்துவிடும். பரவாயில்லை, நான் கூப்பிடப் போவதில்லை.