கைக்கு ஏறாத வளையல்

கஹவத்தை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகன் மதுசனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாரியம்மன் புண்ணியத்தில் இங்கே நாங்கள் நால்வரும் சுகம், நால்வர் என்று எழுதுவது இதுதான் முதல் தடவை, எழுதிவிட்டு ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன். கத்தாரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைக் கவனித்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். தினம் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். குழந்தை கொஞ்சம் முந்திப் பிறந்துவிட்டது, வேறொன்றும் இல்லை என்றுதான் போனில் சொன்னோம். அது முழு உண்மை இல்லை. அவ்வளவு தூரத்தில் தனியாக நின்று நீ தவிக்க வேண்டாம் என்று அப்பாவும் நானும் மறைத்தோம். இப்போது ஆபத்து நீங்கிவிட்டது, லீவில் வந்த முத்துவீரன் வெள்ளிக்கிழமை அங்கே திரும்புகிறான், அவன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். பயப்படாமல் படி, தாயும் மகளும் நன்றாக இருக்கிறார்கள்.

என் மருமகள் கலைச்செல்வி தாயில்லாத பிள்ளை. அவளைப் பெற்ற அன்றே அவள் அம்மா அழகம்மா வலிப்பு வந்து போய்விட்டாள், முனி அடித்துவிட்டது என்று அந்தத் தோட்டத்தில் இன்றைக்கும் சொல்கிறார்கள், பார்க்க ஒரு போட்டோகூட இல்லை. அதனால் வளைகாப்பை நானே முன்னின்று நம் வீட்டில் வைத்தேன். வளையல் நிலாம் கடையில் வாங்கியது, கலைச்செல்வியையும் கூட்டிப்போய் நிலாம் பெண்சாதி ஸுமைரா அவள் கையில் போட்டுப் பார்த்துத்தான் கட்டிக் கொடுத்தாள். ஆனால் வளைகாப்பு அன்று முதல் வளையலே ஏறவில்லை. எண்ணெய் தடவினோம், சோப்புப் போட்டோம், இரண்டு வளையல் உடைந்ததுதான் மிச்சம். சுபகாரியத்தில் கண்ணாடி உடைந்தால் எனக்கு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். கடைக்காரன் சைஸை மாற்றிவிட்டான் என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள், நானும் அதைத்தான் நம்பினேன். தலை வலிக்கிறது, கண்ணுக்கு முன்னால் என்னவோ மின்னுகிறது என்று பிள்ளை சொன்னாள், புகைச்சலும் கூட்டமும்தான் காரணம் என்று அவளைப் படுக்க வைத்துவிட்டு வளையல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன், நிலாமை ஒரு வழி பண்ணிவிட வேண்டும் என்றுதான்.

கடையில் என் வாயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஸுமைராதான் வளையலை வாங்கிப் பார்த்துவிட்டு, தலைவலி இருக்கிறதா, கண்ணில் பூச்சி பறக்கிறதா என்று கேட்டாள். ஆமாம் என்றதும் அவள் முகம் மாறிவிட்டது. “அக்கா, வளையல்ல பிழை இல்ல, அவங்க கை வீங்கிருக்கு. எனக்கும் மூத்த புள்ளைக்கு இப்புடித்தான் வந்துச்சு. இங்க நிக்காதீங்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க” என்றாள். அந்த மூத்த பிள்ளை அவளுக்குத் தங்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. நான் திட்டித் தீர்த்த அதே நிலாம் தன் வேனை எடுத்துக்கொண்டு நம் லயத்து வீட்டுக்கு வந்தான். அந்த மாதக் கிளினிக் நாளில் மண் சரிந்து ரோடு மூடிக் கிடந்ததால் நாங்கள் போயிருக்கவில்லை, இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்த நர்ஸ் மிஸ்ஸி மீட்டரை நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தாள். சிறுநீரில் புரதம் போயிருந்தது. வலிப்பு வராமலிருக்க ஊசி போட்டுவிட்டு, குழந்தையை எடுத்தால்தான் தாய் தப்புவாள் என்றார்கள். அப்பா கையெழுத்துப் போட்டார். நான் உன்னை நினைத்துக்கொண்டேன், உனக்கு என்ன பதில் சொல்லப்போகிறேன் என்று.

எடுத்தபோது உன் மகள் என் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டாள். நம் வழக்கப்படி புதைக்க நச்சுக்கொடியைக் கேட்டேன். டாக்டர் ஹப்ஸா என்று ஒரு பிள்ளை, தமிழில் பேசினாள், சோதனைக்கு ஒரு துண்டு எடுத்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லி எனக்கு அதைக் காட்டினாள். இத்தனை பிரசவம் பார்த்திருக்கிறேன், அதை நின்று பார்த்ததில்லை. அது குழந்தை தனக்காகத் தானே கட்டிக்கொள்வதாம், மகனே. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத இழைமணி, இங்கிலீஷில் மைட்டோகொண்ட்ரியாவாம், கோடிக் கணக்கில் இருக்கிறதாம், நீ பரீட்சைக்குக் கத்திப் பாடமாக்கினாயே, அதேதான். சாப்பாட்டையும் காற்றையும் வைத்து உடம்புக்குச் சக்தி உண்டாக்குவது அதுதானாம். கலைச்செல்விக்கு அந்தக் கொடிக்குப் போகும் ரத்தக்குழாய் சரியாக விரியாததால் அங்கே காற்று போதவில்லை, இழைமணி திணறிப்போய் நஞ்சு கக்கியிருக்கிறது, அது தாயின் ரத்தத்தில் கலந்து குழாய் எல்லாம் அழற்சி கண்டு, பிரஷர் ஏறி, கை கால் வீங்கியதாம். ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைவீட்டில் நான் வேலை பார்த்தவள்தானே, காற்றுத் துவாரம் அடைத்தால் அடுப்பு எப்படிப் புகைந்து அத்தனை ஷீட்டையும் கெடுக்கும் என்று எனக்குத் தெரியும், சட்டென்று பிடிபட்டது. ஏன் ஒருத்திக்கு வருகிறது, இன்னொருத்திக்கு வருவதில்லை என்று இன்னும் முழுதாகத் தெரியாது, ஆராய்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள், இதில் யார் பிழையும் இல்லை என்றாள். குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டாள். அழகம்மாவுக்கு வந்த வலிப்பைச் சொன்னேன். அது முனி இல்லை, இதே நோயாகத்தான் இருக்க வேண்டும் என்றாள்.

இன்னொன்றும் சொன்னாள். இழைமணி தாயிடமிருந்து மட்டும்தான் பிள்ளைக்கு வருமாம், தகப்பனிடமிருந்து வராதாம். நான் உனக்குத் தந்தது உன்னோடு நின்றுவிட்டது மகனே, உன் மகளுக்கு உன் மூக்கு மட்டும்தான். கட்டிலில் படுத்திருந்த கலைச்செல்வி இதைக் கேட்டுவிட்டு, “அப்ப எங்கம்மாவோடது எனக்குள்ள இருக்கா டாக்டர்?” என்று கேட்டாள். “இருக்கு. இப்ப ஒங்க மகளுக்குள்ளயும் இருக்கு” என்றாள் அந்த டாக்டர். கலைச்செல்வி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முகமே தெரியாத ஒருத்தி இத்தனை வருஷமும் அவளுக்குள் அணையாமல் இருந்திருக்கிறாள். கோயிலில் நிற்பதுபோல் நான் கைகூப்பிவிட்டேன்.

குழந்தைக்கு என் அம்மா பெயரை வைக்க வேண்டும் என்று உன்னைப் பாடாய்ப் படுத்தினேன் அல்லவா, அதை விட்டுவிட்டேன். பதிவுக்கு நீ சொன்ன ஸ்டைலான பெயரே இருக்கட்டும், வீட்டில் அவள் அழகம்மாதான், நீ மறுப்புச் சொல்லாதே. அடுத்த பிள்ளைக்கு அவசரம் வேண்டாம், உண்டானால் ஆரம்பத்திலேயே கிளினிக்கில் இதைச் சொல்ல வேண்டுமாம், கலைச்செல்வி இனிக் காலமெல்லாம் பிரஷர் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். நீயும் ஒருமுறை பார்த்துக்கொள், உப்பைக் குறை. சம்பளம் வந்ததும் ஸுமைராவுக்கு ஒரு நல்ல சேலை வாங்கி அனுப்பு, மறந்துவிடாதே.

வீக்கம் வடிந்து நேற்று மிச்ச வளையல் எல்லாம் தானாக ஏறிவிட்டது. வளையல் குலுங்கக் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு கலைச்செல்வி அவளை “அம்மா” என்று கூப்பிட்டாள். நாமெல்லாம் பெண் பிள்ளையைச் சாதாரணமாக அப்படிக் கூப்பிடுகிறோம். அவள் பிறந்ததிலிருந்து யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை, என்னைக்கூட அத்தை என்றுதான். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

மாரியம்மன் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல சுகமும் தரட்டும்.

உன்னையும் உன் மகளையும் ஒன்றாகப் பார்க்கக் காத்திருக்கும்,
அம்மா