அமுக்கிப் பாத்த இடம்

அன்பு மகன் கிஷோருக்கு, ஊரூர் குப்பத்துல இருந்து அம்மா எழுதறது. நானும் உங்கப்பாவும் வேளைக்கு சாப்டுக்கினு, தூங்கிக்கினு நல்லாத்தான் கீறோம். நீயும் உன் ரூம்ல கீற பசங்களும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கணும்னு அம்மனை வேண்டிக்கினு கீறேன். தெனம் போன்ல பேசறோமே, லெட்டர் எதுக்குன்னு கேப்ப. போன்ல பேசும்போது உங்கப்பா பக்கத்துலயே குந்திக்கினு கீறாரு. நான் ஒண்ணு சொல்றதுக்குள்ள போனைப் புடுங்கி, அம்மா சூப்பரா கீதுடான்றாரு. அதான் உன் ரூம்ல கீற அஃப்தாப் லீவு முடிஞ்சு கத்தாருக்குத் திரும்பறான்னு தெரிஞ்சதும், நெத்திலி கருவாட்டோட இத்தயும் குடுத்து அனுப்பறேன்.

மூணு வாரத்துக்கு முன்னாடி நடந்தத உன்கிட்ட மறைச்சிட்டேன், கோச்சிக்காத. மார்ல வந்த கேன்சர் எலும்புக்குப் போயி ரெண்டு வருஷம் ஆவுது, முழுசா போவாது, மாத்திரை போட்டுக்கினு பெருசாவாம பாத்துக்கலாம்னு டாக்டரம்மா சொன்னது உனக்கே தெரியும். நோயை விட, அது பெருசாவுதோன்ற பயம்தான் நைனா என்னைத் துன்னுது. முதுகு வலிச்சா மத்தவங்க கூடை தூக்கினதுலன்னு நெனைப்பாங்க, எனக்கு மட்டும் போச்சு, பரவிடுச்சுன்னு தோணும். மூணு மாசத்துக்கு ஒருவாட்டிதான் ஸ்கேன், அதுவரைக்கும் என்னால பொறுக்க முடியல. இத்தினி வருஷமா மீன் விக்கிறவ, வஞ்சிரமோ சங்கராவோ கட்டை விரலால ஒரு அமுக்கு அமுக்கினா நல்லதா கெட்டதான்னு சொல்லிடுவேன். அந்தத் திமிருதான். மூஞ்சி கழுவினதும் கட்டி எதுனா வருதான்னு அக்குள்ல அமுக்கிப் பாப்பேன், ஏலத்துக்குப் போறதுக்கு முன்னாடி ஒருவாட்டி, யாவாரம் முடிஞ்சு ஒருவாட்டி, நேத்து மாதிரியே கீதா, கொஞ்சம் கெட்டியாச்சான்னு. ஒரு நாள் நிஜமாவே கெட்டியா வீங்கி செவந்து போச்சு, கையத் தூக்க முடியல.

உங்கப்பாகிட்ட மூச்சு விடல. கீற மீனை வந்த வெலைக்குத் தள்ளிட்டு பக்கத்து வூட்டு முத்துமாரிய கூட்டிக்கினு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆட்டோலயே என் கம்மல யாருக்குக் குடுக்கணும்னு அவகிட்ட சொல்லி வச்சேன். அவ அழுதுக்கினே வந்தா, எனக்கு அழுகை கூட வரல. ஸ்கேன் எடுத்து ரெண்டு நாள் காக்க வச்சு கூப்ட்டாங்க. நோய் இருந்த மாதிரியே கீது, பெருசாவல, இது நீங்க அமுக்கி அமுக்கி கன்னிப் போனது, தெனம் எத்தினி வாட்டி அமுக்குவீங்கன்னு டாக்டரம்மா கேட்டாங்க. நான் மூணுன்னேன். முத்துமாரி பத்துன்னா. டாக்டரம்மா சிரிக்கல. உங்கள மாதிரி கீறவங்க நெறைய பேருக்கு இந்த பயம் கீது, பயமா இருந்தா வந்து சொல்லுங்க, கை வைக்காதீங்கன்னாங்க. அதப் பத்திப் பேசறதுக்குன்னே அங்க ஒரு அம்மா கீறாங்க, செவ்வாக்கெயம செவ்வாக்கெயம போய்க்கினு கீறேன். பயம் போவல. ஆனா வாயால சொன்னதுக்கு அப்பால சோறு எறங்குது.

இப்ப விஷயத்துக்கு வரேன். நீ வருஷ லீவை எடுக்காம சேத்து வச்சினு கீறன்னு அஃப்தாப் சொன்னான். அம்மாவுக்கு எதுனா ஆச்சுன்னா ஓடணும்னு சொன்னியாம். கேட்டதும் கோவம் வந்துச்சு, அப்பால அழுதுட்டேன். என்னை மாதிரியே நீயும் பெருசாவும் பெருசாவும்னு காத்துக்கினு கீற. ஒரு நாள் ஆவும் நைனா, அத்த நான் மறைக்கல. அன்னிக்கு நீ வந்தா நான் மருந்துல தூங்கிக்கினு இருப்பேன், நீ வராண்டால நின்னுக்கினு இருப்ப. இப்போ வா. இப்போ கூடை தூக்கறேன், கொயம்பு வக்கிறேன், உன்னைத் திட்டறதுக்குக் கூட தெம்பு கீது. இப்போ வந்துட்டுப் போனீன்னா, அன்னிக்கு உன்னால வர முடியலைன்னாலும் நான் கோச்சிக்க மாட்டேன்.

கருவாடு வறுக்கும்போது ஜன்னலைத் தொற, பக்கத்து ரூம்காரங்க சண்டைக்கு வரப் போறாங்க. வெயில்ல தலைக்குத் துணி கட்டிக்கோ. அம்மன் உனக்குத் துணையா இருப்பா, நீ நோய் நொடி இல்லாம நல்லா இருக்கணும். அப்பாகிட்ட இந்த லெட்டரைப் பத்தி வாயத் தொறக்காத. போன்ல தேதி மட்டும் சொல்லு.

உன் அம்மா
தேசம்மா