ஃப்ரீசரில் இருக்கும் பால்

ஏங்க,

பால் வங்கி நர்ஸம்மா பத்து மணிக்கு வருவாங்க. ஃப்ரீசர்ல இருக்கிற என் பால் பாக்கெட்டுங்களை ஐஸ் பெட்டியில அடுக்கிக் குடுத்துடுங்க. கையை சோப்புப் போட்டுக் கழுவிட்டு எடுங்க. உருகினா கிருமி வளர்ந்துடும். அங்க சூடுபடுத்தி, இருக்கிற கிருமியையும் கொன்னுட்டுத்தான் குறைமாசக் குழந்தைங்களுக்குக் குடுப்பாங்களாம்.

“பாப்பாவே போயிட்டா, இது யாருக்கு? சிங்க்ல கொட்டு”ன்னு நேத்து கத்துனீங்களே, அந்தக் குழந்தைங்களுக்குத்தான். நீங்களும் அழுதுகிட்டேதான் கத்துனீங்க. எனக்குக் கோபமில்லை.

அவங்க எடுத்துட்டுப் போறதைப் பாக்க என்னால முடியாது. அக்கா வீட்டுக்குப் போறேன். சோறு மூடி வெச்சிருக்கேன், சாப்பிடுங்க.

பழக்கதோஷத்துல இன்னைக்கும் பாட்டிலைக் கொதிக்க வெச்சுட்டேன். அடுப்பை அணைச்சேனான்னு பாருங்க.

ஐஸ் தட்டுக்குப் பின்னால ஒரே ஒரு பாக்கெட் இருக்கும். அதை மட்டும் குடுத்துடாதீங்க. அது நம்ம பாப்பாவோடது.